ஆன்லைன் டிகிரிக்கு ரிச்சி ஸ்ட்ரீட் லேப்டாப்: காசு கொடுப்பதற்கு முந்தைய ஒரு மணி நேரம்

ஆன்லைனில் படிக்கப் போகிறேன் என்று முடிவெடுத்தவுடன் பலர் முதலில் செய்வது ஷாப்பிங். லேப்டாப், டேப்லெட், காதுக்கு ஒன்று, மணிக்கட்டுக்கு ஒன்று. எந்தப் படிப்பு, அதன் தேர்வு எப்படி நடக்கும் என்பதெல்லாம் கடைசியில்தான். இதைத் திருப்பிப் போட்டால் வாங்க வேண்டிய பட்டியல் பாதியாகிவிடும்.

முதலில் படிப்பு. யுஜிசியின் டெப் (தொலைதூரக் கல்வி) பிரிவு இணையதளத்தில் எந்தப் பல்கலைக்கழகம் எந்தப் படிப்பை எந்த ஆண்டு ஆன்லைனில் நடத்தலாம் என்ற பட்டியல் இருக்கிறது. பல்கலைக்கழகத்தின் பெயர் இருப்பது மட்டும் போதாது. நீங்கள் சேரும் படிப்பின் பெயரும், நீங்கள் சேரும் ஆண்டும் அதில் இருக்க வேண்டும். யுஜிசிக்குக் கீழ் வரும் பல்கலைக்கழகங்கள் பி.டெக், சட்டம், நர்சிங், பார்மசி ஆகியவற்றை ஆன்லைனில் நடத்த அனுமதி கிடையாது; 'ஆன்லைன் பி.டெக்' என்று போன் வந்தால் கட் செய்துவிடுங்கள். சேர்வதற்கு டெப் ஐடி வேண்டும், அதற்கு ஏபிசி ஐடி (படிப்பின் கிரெடிட்டுகளைச் சேர்த்து வைக்கும் கணக்கின் எண்) வேண்டும், அதை டிஜிலாக்கரில் எடுக்கலாம். நம் ஊர் இனிஷியல் இங்கேதான் வேலையைக் காட்டும். ஆதாரில் இனிஷியல் முன்னால், மார்க் ஷீட்டில் பின்னால், இன்னொன்றில் அப்பா பெயர் முழுதாக. கடைசித் தேதிக்கு ஒரு மாதம் முன்பே இதைச் சரிசெய்துகொள்ளுங்கள்.

சென்னை ஐஐடியின் பிஎஸ் படிப்புகள் தனிக் கணக்கு. டேட்டா சயின்ஸ் 2020-இல் தொடங்கியது, எலக்ட்ரானிக் சிஸ்டம்ஸ் 2023-இல் வந்தது. வீடியோதான் வீட்டில், குவிஸும் டெர்ம் இறுதித் தேர்வும் சென்டருக்கு நேரில் போய் எழுதுவது. புரோகிராமிங் பாடங்களில் கேமராவை வைத்துக்கொண்டு வீட்டிலிருந்தே எழுதும் தேர்வும் உண்டு. ஆக, கேமராவும் மைக்கும் ஒழுங்காக வேலை செய்யும் லேப்டாப் கட்டாயம். ஒரு பாடத்துக்கு வாரம் சுமார் 10 மணி நேரம் போகும் என்பதையும் கணக்கில் வையுங்கள். வேலைக்குப் போய்க்கொண்டே டெர்முக்கு நான்கு பாடம் எடுப்பது வீண் வீம்பு.

நமக்கு இது ஒத்துவருமா என்று சந்தேகம் இருந்தால் முதலில் ஐஐடிகளின் ஆன்லைன் பாடத் தளமான என்பிடெல்லில் ஒரு 12 வாரப் பாடம் எடுத்துப் பாருங்கள். பாடம் இலவசம், தேர்வுக்கு மட்டும்தான் கட்டணம். அசைன்மெண்டுக்கு 25, தேர்வுக்கு 75. பன்னிரண்டில் சிறந்த எட்டு அசைன்மெண்டுகள் கணக்கில் வரும். அசைன்மெண்டில் 10, தேர்வில் 30 எடுக்காவிட்டால் சான்றிதழ் இல்லை. ஐந்தாவது வாரத்திலேயே அசைன்மெண்ட் விட்டுப்போகிறது என்றால் லேப்டாப் பணம் மிச்சம்.

எந்த மெஷின்

டிகிரி அளவிலான பைதான், டேட்டாபேஸ், ஸ்டாட்ஸ் வேலைக்குக் கேமிங் லேப்டாப் வேண்டாம். மெஷின் லேர்னிங் பாடத்தில் ஜிபியு (கிராஃபிக்ஸ் சிப்) தேவைப்படும் இடத்தில் கூகுள் கோலாப் இருக்கிறது, அது பிரவுசரில் ஓடும். 'ஏஐ பிசி' ஸ்டிக்கருக்காகக் கூடுதலாகப் பணம் கொடுப்பதில் இந்தப் படிப்புகளுக்கு இப்போதைக்கு எந்தப் பலனும் தெரியவில்லை. எழுதும் டேப்லெட்டும் அப்படியே. கணக்கு போட நாற்பது பக்க ரஃப் நோட்டு போதும், பிடிஎஃப் ஆக்க போன் கேமரா இருக்கிறது.

கம்பெனிகள் கழித்துக் கட்டிய பிசினஸ் லேப்டாப்தான் கொடுக்கும் காசுக்கு நல்ல பண்டம். திங்க்பேட் டி480, டெல் லேட்டிட்யூட் 7490, எச்பி எலைட்புக் 840 ஜி5 மூன்றில் எது கிடைத்தாலும் சரி. மூன்றும் பெரும்பாலும் இன்டெல் 8-ஆம் தலைமுறை சிப்போடு வரும். அதற்குக் கீழே இறங்காதீர்கள். விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14-ஆம் தேதி முடிந்துவிட்டது. விண்டோஸ் 11 இன்டெல்லில் 8-ஆம் தலைமுறையிலிருந்துதான் முறைப்படி ஏறும். 7-ஆம் தலைமுறை மெஷினிலும் ஏதோ வழியில் 11-ஐ ஏற்றிக் கொடுக்கலாம், ஆனால் சிப் மாறாது. ஐ5-7300யு-வில் இரண்டு கோர், ஐ5-8250யு-வில் நான்கு. வெளியிலிருந்து பார்த்தால் டி470-ம் டி480-ம் அண்ணன் தம்பி போல இருக்கும். ஸ்டிக்கரை நம்ப வேண்டாம், டாஸ்க் மேனேஜரில் பெர்ஃபார்மன்ஸ் பக்கத்தைத் திறந்து சிப்பின் எண்ணைப் படியுங்கள். ராமையும் அங்கேயே பார்த்துக்கொள்ளலாம். எத்தனை ஸ்லாட், எத்தனை நிரம்பியிருக்கிறது என்று இருக்கும். 8 ஜிபி இரண்டு போட்டால் 16 ஜிபி ஒன்றைவிட வேகம் கூடும். 8 ஜிபி ஒன்றுதான் பட்ஜெட் என்றால் இரண்டாவது ஸ்லாட் காலியாக இருக்கிறதா என்று பாருங்கள், பிறகு சேர்த்துக்கொள்ளலாம்.

கடையில்

சென்னையின் எலக்ட்ரானிக்ஸ் சந்தையான ரிச்சி ஸ்ட்ரீட்டுக்கு அரசினர் தோட்டம் மெட்ரோவிலிருந்தோ சிந்தாதிரிப்பேட்டை பறக்கும் ரயில் நிலையத்திலிருந்தோ நடந்தே போய்விடலாம். வண்டியில் போனால் நிறுத்த இடம் தேடியே பாதி நேரம் போகும். ஞாயிறு பெரும்பாலான கடைகள் மூடியிருக்கும். வார நாளில் காலை கடை திறந்து கொஞ்ச நேரத்தில் போனால் கடைக்காரருக்கும் பொறுமை இருக்கும். ஒரு பென்டிரைவில் எஸ்எஸ்டியின் நிலையைக் காட்டும் கிரிஸ்டல்டிஸ்க்இன்ஃபோவின் போர்ட்டபிள் பதிப்பு, ஒரு இயர்போன், ஒரு டைப்-சி சார்ஜர், ஹாட்ஸ்பாட்டுக்கு டேட்டா உள்ள போன். இவ்வளவுதான் எடுத்துப் போக வேண்டியது.

மெஷினைக் கையில் வாங்கியதும் ஆன் செய்யாதீர்கள். மூடி வைத்து, கண் மட்டத்தில் பக்கவாட்டில் பாருங்கள். அடிப்பாகம் மேசையில் சமமாக உட்காராமல் ஆடினாலோ, டச்பேட் ஒரு ஓரம் தூக்கியிருந்தாலோ, டச்பேட் கிளிக் கல் மாதிரி இறுகியிருந்தாலோ உள்ளே பேட்டரி உப்பியிருக்க வாய்ப்பு அதிகம். அந்த மெஷினைத் திருப்பிக் கொடுத்துவிடுங்கள், விலை குறைத்தாலும். மூடியை ஒற்றை விரலால் மெதுவாகத் திறந்து ஹிஞ்ச் பக்கம் கீறல் விட்டிருக்கிறதா என்று பாருங்கள்.

அடுத்து பயாஸ், அதாவது விண்டோஸுக்கு முன்னால் வரும் மெஷினின் அடிப்படை அமைப்புத் திரை. ஆன் செய்தவுடன் தட்ட வேண்டிய விசை: லெனோவோவில் எஃப்1, டெல்லில் எஃப்2, எச்பியில் எஃப்10. பாஸ்வேர்டு கேட்டால் அங்கேயே நிறுத்திக்கொள்ளுங்கள். "அது ஒண்ணும் பண்ணாது தம்பி, விண்டோஸ் ஓடுதுல்ல" என்பார்கள். ஓடும்தான், ஆனால் நாளைக்கு பயாஸில் எதையும் மாற்ற முடியாது; பென்டிரைவிலிருந்து பூட் செய்வதையும் பழைய கம்பெனி தடுத்து வைத்திருந்தால் லினக்ஸ் போடவும் முடியாது. பயாஸில் தெரியும் சீரியல் எண்ணும் அடிப்பாக ஸ்டிக்கரில் இருப்பதும் ஒன்றாக இருக்க வேண்டும். வேறாக இருந்தால் மதர்போர்டோ அடிமூடியோ மாற்றியிருக்கிறது.

பலர் கோட்டைவிடும் இடம் அடுத்தது. கம்பெனி லேப்டாப்கள் மைக்ரோசாஃப்டின் ஆட்டோபைலட்டில் (கம்பெனி தன் லேப்டாப்களை இணையம் வழியாகவே அமைக்க உதவும் சேவை) பதிவாகியிருக்கலாம். விற்கும்போது அந்தப் பதிவை நீக்காமல் விட்டிருந்தால், விண்டோஸைப் புதிதாக நிறுவி இணையத்தோடு இணைத்த நிமிடம் பழைய கம்பெனியின் லோகின் பக்கம் வந்து நிற்கும். எஸ்எஸ்டி மாற்றினாலும் போகாது, ஏனென்றால் அடையாளம் மெஷினின் ஹார்டுவேரோடு சேர்த்து மைக்ரோசாஃப்ட் சர்வரில் இருக்கிறது. கடையில் இணையம் இல்லாமல் அமைத்து வைத்திருப்பதால் வாங்கும்போது தெரியாது. ஆறு மாதம் கழித்து நீங்கள் ரீசெட் செய்யும்போது, பரீட்சை நேரத்தில் தெரியும். எனவே கடைக்காரரிடம், "அண்ணே, ஒரு ரீசெட் போடுங்க, நான் டீ குடிச்சிட்டு வந்துடறேன்" என்று சொல்லுங்கள். வந்து உங்கள் ஹாட்ஸ்பாட்டை இணைத்து ஆரம்பத் திரைகளை நீங்களே தாண்டுங்கள். எந்தக் கம்பெனி பெயரும் வராமல் சாதாரணமாகக் கணக்கு கேட்டால் சரி.

பேட்டரிக்கு கமாண்ட் பிராம்ப்டில் 'பவர்சிஎஃப்ஜி' என்று ஒட்டி எழுதி, ஒரு இடம் விட்டு, சாய்கோடு போட்டு, 'பேட்டரிரிப்போர்ட்' என்று ஒட்டி எழுதுங்கள். ஆங்கிலத்தில்தான் அடிக்க வேண்டும். வரும் பக்கத்தில் டிசைன் கெப்பாசிட்டி 48,000 மில்லிவாட்-ஹவர் (அதாவது 48 வாட்-ஹவர்), ஃபுல் சார்ஜ் கெப்பாசிட்டி 31,000 என்று இருந்தால் 65 சதவீதம் மிச்சம். அதற்கும் கீழே என்றால் புது பேட்டரி விலையைக் கழித்துத்தான் பேச வேண்டும். இரண்டு எண்ணும் அச்சு அசலாக ஒன்றாக இருந்து, சைக்கிள் கவுண்ட் காலியாக இருந்தால் சந்தோஷப்பட வேண்டாம், மட்டமான மாற்று பேட்டரியும் அப்படித்தான் காட்டும். சார்ஜரைப் பிடுங்கி, முழு வெளிச்சத்தில் 20 நிமிடம் வீடியோ ஓடவிடுங்கள். 48 வாட்-ஹவர் பேட்டரியில் 12 வாட் இழுத்தால் சுமார் 8 சதவீதம்தான் இறங்க வேண்டும். 15-ஐத் தாண்டினால் பேட்டரி சொல்வது பொய். டி480-இல் இரண்டு பேட்டரி, முன்னால் உள்ளே 24 வாட்-ஹவர், பின்னால் கழற்றக்கூடியது. மெஷின் ஓடும்போதே பின்னால் இருப்பதைக் கழற்றிப் பாருங்கள். அணைந்தால் உள் பேட்டரி காலி.

அந்த 20 நிமிடத்தில் மற்றதையெல்லாம் முடித்துவிடலாம். நோட்பேடைத் திறந்து ஒவ்வொரு விசையையும் தட்டுங்கள். என்டர் விசை இரண்டு வரிசை உயரத்துக்கு நிமிர்ந்து இருந்தால் அது ஐரோப்பாவிலிருந்து வந்த கீபோர்டாக இருக்கலாம், மேலே ஆங்கில ஸ்டிக்கர் ஒட்டியிருக்கிறதா என்று நகத்தால் தடவுங்கள். கேமராவைத் திறந்து பாருங்கள். கம்பெனிகள் கேமராவே இல்லாமல் ஆர்டர் செய்த திங்க்பேட்களும் உண்டு. டைப்-சி போர்ட் இரண்டு இருந்தால் இரண்டிலும் சார்ஜ் ஏற வேண்டும். டி480-இல் பழைய ஃபர்ம்வேர் (போர்ட்டை இயக்கும் உள் மென்பொருள்) தண்டர்போல்ட் என்ற வேகமான டைப்-சி போர்ட்டையே கெடுத்துவிடும் பிரச்சினை இருந்தது, லெனோவோ அப்டேட் கொடுத்திருக்கிறது, வீட்டுக்கு வந்ததும் முதலில் அதைப் போடுங்கள். கிரிஸ்டல்டிஸ்க்இன்ஃபோவில் எஸ்எஸ்டியின் ஹெல்த்தும் ஓடிய மணி நேரமும் தெரியும். திரை 1366×768 என்றால் வேண்டாம், ஒரு பக்கம் வீடியோ ஒரு பக்கம் புரோகிராம் என்று வைத்துப் படிக்க 1920×1080 வேண்டும்.

டெல்லில் சார்ஜரைக் கவனியுங்கள். பின்னின் நடு ஊசி வழியாகத்தான் அடாப்டர் தன் வாட்டைச் சொல்லும். மட்டமான அடாப்டர் என்றால் பூட் ஆகும்போதே எச்சரிக்கை வரும், பேட்டரி ஏறாது, சிப்பும் வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். 'லேப்டாப் ஸ்லோ' என்ற புகார்களில் சில இந்த ஊசியில் முடிந்துவிடும்.

பில்லில் சீரியல் எண்ணும் ராம், எஸ்எஸ்டி அளவும் கைப்பட எழுதி வாங்குங்கள். வாரண்டி எத்தனை மாதம், அதில் பேட்டரி சேருமா, திருப்பித் தர எத்தனை நாள் என்பதும் அதே தாளில். வாட்ஸ்அப்பில் சொன்னது வாட்ஸ்அப்போடு போய்விடும். ராமைச் சோதிக்கும் மெம்டெஸ்ட் போன்ற நீண்ட சோதனைகளை அந்தத் திருப்பித் தரும் நாட்களுக்குள் வீட்டில் ஒரு இரவு ஓடவிடுங்கள்.

கரண்ட் போனால்

லேப்டாப்பில் பேட்டரி இருக்கும், ரூட்டரில் இருக்காது. வீட்டிலிருந்து எழுதும் தேர்வுக்கு ரூட்டருக்கான ஒரு மினி யுபிஎஸ் (சின்ன பேட்டரிப் பெட்டி) எந்தப் புதுக் கேஜெட்டையும்விடப் பயன்படும். ரூட்டர் அடாப்டரின் முதுகில் 12 வோல்ட் 1 ஆம்பியரா, 1.5-ஆ, 2-ஆ என்று படித்துவிட்டு அதே வோல்ட்டும் குறையாத ஆம்பியரும் உள்ளதை வாங்குங்கள். பெட்டியில் போட்ட மில்லிஆம்பியர் எண்ணை 3.7-ஆல் பெருக்கி ஆயிரத்தால் வகுத்தால்தான் வாட்-ஹவர். 6,000 என்றால் 22. ரூட்டர் 8 வாட் இழுத்தால் இழப்பு போக இரண்டேகால் மணி நேரம் வரும். ஃபைபர் பெட்டியும் வைஃபை ரூட்டரும் தனித்தனியாக இருந்தால் இரண்டுக்கும் சேர்த்துக் கணக்குப் போடுங்கள்.

வாங்குவதற்கு முன் ஒன்று. அடுத்த முறை தெருவே இருட்டாகும்போது, பக்கத்து வீட்டு இன்வெர்ட்டரிலிருந்து வயர் இழுத்து ரூட்டரை (ஃபைபர் பெட்டி தனியாக இருந்தால் அதையும்) செருகிப் பாருங்கள். நெட் வரவில்லை என்றால் கேபிள்காரர் மொட்டைமாடியில் வைத்திருக்கும் சுவிட்சும் உங்கள் தெரு கரண்ட்டிலேயே ஓடுகிறது என்று அர்த்தம். அப்போது யுபிஎஸ் வாங்கிப் பயனில்லை, வேறு கம்பெனி சிம் ஒன்றை ஹாட்ஸ்பாட்டுக்கு வைத்துக்கொள்ளுங்கள்.