உணவு ஆலோசகரைப் பார்க்கப் போகிறீர்களா? மளிகைச் சீட்டை எடுத்துக்கொள்ளுங்கள்

சென்னை, கோவையோடு நிற்காமல் தஞ்சாவூர், கும்பகோணம் பக்கமும் ‘ஹோலிஸ்டிக் நியூட்ரிஷன்’ என்ற போர்டு தென்படத் தொடங்கிவிட்டது. போகிறவர்கள் பெரும்பாலும் ஒரு டயட் சார்ட்டை எதிர்பார்த்துப் போகிறார்கள். அங்கே முதலில் கிடைப்பது கேள்விகள்தான். எத்தனை மணிக்குப் படுக்கிறீர்கள், காலையில் வயிறு சரியாகப் போகிறதா, வீட்டில் சமைப்பது யார், என்னென்ன மாத்திரை, வேலைக்குப் போகும் நேரம் என்ன என்று தட்டுக்கு வெளியே இருப்பதையெல்லாம் கேட்பார்கள். ‘முழுமை’ என்று சொல்லிக்கொள்வதன் பொருள் இவ்வளவுதான். எல்லா வியாதியையும் தீர்ப்பது என்று அதற்கு அர்த்தம் இல்லை. நீங்கள் சொல்லும் பதில் எவ்வளவு சரியாக இருக்கிறதோ, திரும்பக் கிடைக்கும் ஆலோசனையும் அவ்வளவு சரியாக இருக்கும். ஆகவே ஒரு வாரம் முன்பே தயாராக வேண்டும்.

அதற்கும் முன்னால் பட்டத்தைப் பாருங்கள். உணவியலில் எம்.எஸ்ஸி. முடித்த டயட்டீஷியன், ஐந்தரை ஆண்டு படித்த பி.என்.ஒய்.எஸ். இயற்கை மருத்துவர், பி.எஸ்.எம்.எஸ். சித்த மருத்துவர் ஆகியோர் முறையாகப் படித்து வந்தவர்கள். 2021-இல் வந்த தேசியத் துணை மருத்துவத் தொழில்கள் ஆணையச் சட்டம் டயட்டீஷியனையும் நியூட்ரிஷனிஸ்டையும் தன் வரம்புக்குள் சேர்த்திருக்கிறது. ‘ஹோலிஸ்டிக்’ என்பதோ தனிப் பட்டம் அல்ல. ஆறு வார ஆன்லைன் வகுப்பு முடித்தவரும் அந்தச் சொல்லைப் போட்டுக்கொள்ளலாம். போனிலேயே “என்ன படிச்சிருக்கீங்க, பதிவு எண் இருக்கா?” என்று கேட்பதில் தப்பில்லை. கேட்டதற்குக் கோபித்துக்கொள்பவரிடம் போகாமல் இருப்பதே நல்லது.

ஒரு வாரத்துக்கு முன்

மூன்று நாள் சாப்பாட்டை எழுதுங்கள். இரண்டு வேலை நாள், ஒரு ஞாயிற்றுக்கிழமை. வாயில் போட்ட உடனே எழுத வேண்டும். இரவில் உட்கார்ந்து யோசித்தால் நாலு மணி பஜ்ஜியும் டிபன் பாக்ஸில் பிள்ளை மிச்சம் வைத்ததும் கணக்கில் வராது.

பெரிய ஓட்டை சோற்றுக் கணக்கில்தான். ஆலோசனை அறையில் இப்படித்தான் பேச்சு போகும்:

“மதியம் சோறு எவ்வளவும்மா சாப்பிடுவீங்க?”

“கொஞ்சந்தாங்க. ஒரு கரண்டி, ரெண்டு கரண்டி.”

பொய் இல்லை. ஆனால் அந்த இரண்டு கரண்டி குழம்புக்கு மட்டும். ரசத்துக்கு ஒரு தரம், மோருக்கு ஒரு தரம் என்று தட்டு மறுபடி நிரம்புவதை யாரும் எண்ணுவதில்லை. ஒரு நாள் மட்டும் சமையலறைத் தராசில் வெறும் தட்டை வைத்து, பூஜ்யமாக்கிவிட்டு, மூன்று தரமும் போட்டுக்கொள்ளும் சோற்றைத் தனித்தனியாக எடை போடுங்கள். 100 கிராம் அரிசி வெந்தால் 250 முதல் 300 கிராம் சோறாகும். மூன்று தரமும் சேர்ந்து 450 கிராம் வந்தால், உள்ளே போனது சுமார் 160 கிராம் அரிசி. அதில் மாவுச்சத்து ஏறத்தாழ 120 கிராம். ‘கொஞ்சந்தான்’ என்பதைவிட இந்த ஓர் எண் ஆலோசகருக்கு அதிகம் பயன்படும்.

அடுத்தது மளிகைச் சீட்டு. நாலு பேர் வீட்டில் மாதம் 1 கிலோ உப்பு தீர்ந்தால் ஆளுக்கு நாளொன்றுக்கு 8 கிராமுக்கு மேல் வருகிறது. உலக சுகாதார நிறுவனம் 5 கிராமுக்குள் இருக்கச் சொல்கிறது. மீன் கழுவியது, வத்தல் போட்டது என்று கொஞ்சம் கழித்துக்கொள்ளலாம். ஆனால் கருவாடு, அப்பளம், ஊறுகாய், மிக்சர் வழியாக வந்த உப்பு அந்தக் கணக்கிலேயே இல்லை என்பதையும் நினைவில் வையுங்கள். எண்ணெயும் அப்படியே. மாதம் 5 லிட்டர் என்றால் ஆளுக்கு ஒரு நாளைக்கு 40 மில்லியைத் தாண்டுகிறது. ஹைதராபாத் தேசிய ஊட்டச்சத்து நிறுவனத்தின் 2,000 கலோரித் தட்டில் எண்ணெய்க்கு ஒதுக்கியிருப்பது சுமார் 27 கிராம். டிகிரி காபிக்கும் ஒரு வரி எழுதுங்கள்: நாளைக்கு எத்தனை டம்ளர், டம்ளருக்கு எத்தனை ஸ்பூன் சர்க்கரை. மூன்று வேளை, வேளைக்கு இரண்டு ஸ்பூன் என்றாலே 25 கிராமைத் தொட்டுவிடும்.

கையில் கொண்டுபோக வேண்டியவை: ஆறு மாதத்துக்குள் எடுத்த ரத்தப் பரிசோதனைகள், டாக்டர் சீட்டு, எல்லா மாத்திரைகளும் அட்டையோடு. நாட்டு மருந்துக் கடையில் வாங்கிய பொடி, லேகியம், தெரிந்தவர் கொடுத்த புரோட்டீன் டப்பா எல்லாம் அதில் சேர்த்தி. முடிந்தால் வீட்டில் சமைப்பவரையும் அழைத்துப் போங்கள். அவர் காதில் நேராக விழாத ஆலோசனை அடுப்பு வரைக்கும் வந்து சேராது.

முதல் சந்திப்பு

முக்கால் மணியிலிருந்து ஒன்றேகால் மணி நேரம் ஆகலாம். பத்து நிமிடத்தில் அச்சடித்த சார்ட்டைக் கையில் கொடுத்து அனுப்பினால், அது உங்களுக்காக எழுதியதல்ல என்று புரிந்துகொள்ளலாம். உயரம், எடை, ரத்த அழுத்தம், இடுப்புச் சுற்றளவு எடுப்பார்கள். டேப்பை பேண்ட் கட்டும் இடத்தில் வைத்தால் அளவு தப்பாகும். கடைசி விலா எலும்புக்கும் இடுப்பெலும்பின் உச்சிக்கும் நடுவில் வைத்து, மூச்சை இயல்பாக விட்ட நிலையில் படிக்க வேண்டும். நம் உடல்வாகுக்கு ஆண்களுக்கு 90 செ.மீ., பெண்களுக்கு 80 செ.மீ. எல்லைக்கோடு. உயரத்துக்கு ஏற்ற எடையா என்று காட்டும் பி.எம்.ஐ. 23-ஐத் தாண்டினாலே கூடுதல் எடை என்று கொள்வார்கள். வெள்ளைக்காரர்களுக்கான 25 இங்கே பொருந்தாது.

ரத்த முடிவுகளைப் பார்க்கும்போது நல்ல ஆலோசகர் ஒன்றை இன்னொன்றோடு சேர்த்துப் படிப்பார். மூன்று மாதச் சர்க்கரைச் சராசரியைக் காட்டும் எச்.பி.ஏ.1.சி. 5.7-க்குக் கீழே இயல்பு, 6.5-இலிருந்து சர்க்கரை நோய். ஆனால் இரும்புச்சத்துக் குறைவான ரத்தசோகை இருந்தால் அந்த எண் உண்மையைவிடச் சற்றுக் கூடுதலாகக் காட்டக்கூடும். ஹீமோகுளோபினையே பார்க்காமல் “சுகர் வந்திடுச்சு” என்று முடிவு கட்டினால், யோசித்துக்கொள்ளுங்கள். பல வருடமாக மெட்ஃபார்மின் என்ற சர்க்கரை மாத்திரை சாப்பிடுபவருக்குக் கை கால் மரத்துப்போனால் வைட்டமின் பி12 குறைந்திருக்கிறதா என்று பார்க்கச் சொல்வதும் அவர் வேலைதான்.

வேலை நேரத்தை அவர் கேட்காவிட்டால் நீங்களே சொல்லுங்கள். நடவுக்குப் போகிறவர் விடியலில் வயலில் இறங்கி, கரையேறிப் பழையது சாப்பிடும்போது பத்துக்கு மேல் ஆகிவிடும். நாகப்பட்டினத்தில் நடுராத்திரியில் படகு ஏறுபவருக்கு ‘காலை 8 மணிக்கு டிபன்’ என்று எழுதிக் கொடுப்பதில் பொருளே இல்லை.

மாத்திரையோடு மோதும் இடங்கள்

அவசரப்படாமல் படிக்க வேண்டிய பகுதி இது. உணவை மாற்றினால் மருந்தின் வேலையும் மாறும்.

கிளிமிபிரைடு போன்ற சர்க்கரை மாத்திரையோ இன்சுலினோ எடுப்பவர் சோற்றைத் திடீரென்று பாதியாக்கினால் சர்க்கரை தாழ்ந்துவிடும். வியர்வை, கை நடுக்கம், கண் மங்கல் வந்து, கருவியில் 70-க்குக் கீழே காட்டினால் உடனே மூன்று டீஸ்பூன் சர்க்கரையைத் தண்ணீரில் கலந்து குடித்து, 15 நிமிடம் கழித்து மறுபடி பார்க்க வேண்டும். உணவுத் திட்டத்தைத் தொடங்கும் முன்பே மாத்திரை கொடுத்த டாக்டரிடம் சொல்லிவிட்டால் இந்த நிலைக்கே வராது.

தைராய்டு மாத்திரையை ஐந்து மணிக்குப் போட்டுவிட்டு ஐந்து பத்துக்குக் காபி குடிப்பது நம் ஊரில் சர்வ சாதாரணம். காபி அந்த மருந்தை உடம்பு முழுதாக எடுத்துக்கொள்ள விடாது. அரை மணியாவது, முடிந்தால் ஒரு மணி நேரம் இடைவெளி வேண்டும். இரும்பு, கால்சியம் மாத்திரைகளுக்கு நாலு மணி. இதைக் கேட்காமலே ‘தைராய்டுக்கு விதைப் பொடி’ எழுதிக் கொடுப்பவரும் உண்டு.

இதய வால்வு மாற்றி, ரத்தம் உறையாமலிருக்க வார்ஃபரின் வகை மருந்து எடுப்பவர்கள் முருங்கைக்கீரையைத் திடீரென்று கூட்டவும் கூடாது, அடியோடு நிறுத்தவும் கூடாது; இரண்டிலும் ரத்தம் உறையும் வேகத்தைக் காட்டும் ஐ.என்.ஆர். எண் மாறும். சிறுநீரகம் பழுதடைந்தவருக்கு, வயல்வரப்பிலேயே கிடைக்கிற இளநீரும் வாழைத்தண்டுச் சாறும் ஆபத்தாகலாம். பொட்டாசியம் ஏறினால் இதயத் துடிப்பே தடுமாறும். கடையில் விற்கும் லோ சோடியம் உப்பிலும் பொட்டாசியம்தான் இருக்கிறது. ‘இயற்கைதானே, என்ன செய்துவிடும்’ என்று இந்த இரண்டு பேரும் இருந்துவிட முடியாது.

எழுந்து வந்துவிடலாம்

உள்ளங்கையில் ஒரு கம்பியைப் பிடிக்கச் சொல்லி முப்பது உறுப்புக்கும் ரிப்போர்ட் எடுக்கும் கருவி, கண் விழியைப் பார்த்து நோய் சொல்வது, தலைமுடியை அனுப்பிச் சத்துக்குறை கண்டுபிடிப்பது: இவற்றுக்கு அறிவியல் ஆதாரம் இல்லை. உணவு ஒவ்வாமைக்கு ஐ.ஜி.ஜி. பரிசோதனை என்று பெரிய பட்டியல் தருவதையும் ஒவ்வாமை மருத்துவர் சங்கங்கள் ஏற்பதில்லை. “இன்னையிலிருந்து இன்சுலினை நிறுத்திடுங்க” என்றால் அடுத்த வார்த்தையைக் கேட்கவே வேண்டாம். லேபிள் இல்லாத பொட்டலமும் வாங்காதீர்கள். ஸ்டீராய்டு கலந்த பொடிகள் பிடிபட்டிருக்கின்றன. பத்து நாளில் ஏழு கிலோ குறைப்பதாகச் சொன்னால், முதலில் இறங்குவது பெரும்பாலும் தண்ணீர். வாரம் அரை கிலோ நிதானமான வேகம்.

சார்ட் வீட்டுக்கு வந்தபின்

சியா விதை, அவகாடோ, ஆலிவ் எண்ணெய் என்று பட்டியல் நீண்டால் அங்கேயே மாற்றித் தரச் சொல்லுங்கள். ஒருவருக்கு மட்டும் தனிச் சமையல் என்ற திட்டம் பதினைந்து நாள் தாங்குவதே பெரிது. சம்பா அறுப்பை ஒட்டி வயல் ஈரத்தில் தெளித்த உளுந்தும் பச்சைப்பயறும் பங்குனி வாக்கில் கைக்கு வந்துவிடும். கடற்கரைப் பக்கம் மத்தி மீன் கிடைக்கும். இட்லிக்குக் கும்பகோணம் கடப்பா செய்கிற வீட்டில், உருளைக்கிழங்கைப் பாதியாக்கிப் பாசிப்பருப்பை இரட்டிப்பாக்கினால் அதுவே புரதம். வேறு யாருக்கும் வித்தியாசம் தெரியாது.

பாரம்பரிய நெல் பற்றியும் ஒரு வார்த்தை. பாரம்பரிய நெல் ரகங்களைத் தேடிச் சேர்த்த நெல் ஜெயராமன், திருத்துறைப்பூண்டி பக்கம் ஆதிரெங்கத்தில் நடத்திய நெல் திருவிழாக்களின் புண்ணியத்தில் மாப்பிள்ளைச் சம்பாவும் கருப்புக் கவுனியும் மறுபடி நம் வீட்டுக்கு வந்தன. தவிடு நீக்காமல் சமைத்தால் நார்ச்சத்து கூடுதல், பசியும் தாங்கும். ஆனால் அவையும் அரிசிதான். 100 கிராமில் 70 கிராமுக்கு மேல் மாவுச்சத்து. ‘கவுனிதானே’ என்று தட்டை நிறைத்தால் சர்க்கரை ஏறத்தான் செய்யும். பட்டை தீட்டி வருகிற கவுனிக்கு விலை மட்டும்தான் வித்தியாசம். வாங்கும்போது இரண்டு அரிசியை உடைத்துப் பாருங்கள். கருப்பு மேல்தோலில் இருக்க வேண்டும். தண்ணீரில் போட்டதும் உடனே மை மாதிரி கரைந்து உள்ளே வெள்ளையாகப் பளபளத்தால் கேள்வி கேளுங்கள்.

ஒரே நேரத்தில் இரண்டு மூன்று மாற்றத்துக்கு மேல் ஒப்புக்கொள்ளாதீர்கள். தொடங்கும் தேதியையும் பார்த்துக்கொள்ளுங்கள். ஆடிப்பெருக்குக்கு இரண்டு நாள் முன்பு ஆரம்பித்தால் சித்திரான்னத்தில் முடியும். புரட்டாசியில் மீன் இல்லாத வீட்டுக்குப் புரதக் கணக்கே வேறு.

இரண்டு முதல் நாலு வாரத்தில் மறுபடி வரச் சொல்வார்கள். எடையை அதே தராசில், காலையில் வெறும் வயிற்றில் பார்த்து எழுதிவையுங்கள். எச்.பி.ஏ.1.சி.-யை மூன்று மாதம் கழித்துத்தான் திரும்ப எடுக்க வேண்டும். சிவப்பணு சுமார் 120 நாள் வாழ்கிறது என்பதால் ஒரு மாதத்தில் எடுத்தால் பழைய கணக்கும் கலந்தே வரும், காசுதான் தண்டம். தைராய்டு மாத்திரை நேரத்தை மாற்றியிருந்தால் டி.எஸ்.எச். என்ற தைராய்டு ரத்தப் பரிசோதனை ஆறிலிருந்து எட்டு வாரத்தில். முடிவுகள் வந்ததும் ஒரு நகலை உங்கள் டாக்டரிடம் கொடுத்துவிடுங்கள். மாத்திரையைக் கூட்டுவதா குறைப்பதா என்பதை அவர் அதைப் பார்த்துச் சொல்வார்.