ஷேல் பாறை எவ்வளவு உறிஞ்சும்? தராசில் தொங்கவிட்டு அளக்கும் முறை

குமரி மாவட்டத்தில் தோண்டினால் பெரும்பாலும் சார்னோக்கைட், நைஸ் வகைக் கருங்கல்தான். ஷேலை (களிமண் படிந்து இறுகிய, அடுக்கடுக்கான பாறை) வெளியிலிருந்துதான் வரவழைக்க வேண்டும். பெரம்பலூர் பக்கத்துக் காரையின் களி மிகுந்த ஷேல் ஒன்று, ஜார்க்கண்ட், மேற்கு வங்கப் பக்கத்துத் தாமோதர் படுகையின் கரிமம் மிகுந்த ஷேல் ஒன்று. கூடவே உள்ளூர் குவாரிக் கருங்கல் ஒரு துண்டு, கட்டாயம் வேண்டும்.

1. மூன்றையும் 1 செ.மீ. கனசதுரமாக வெட்டுங்கள். டைல்ஸ் அறுப்பதுபோல் தண்ணீர் விட்டால் காரை ஷேல் பிளேடுக்கு அடியிலேயே சேறாகும். உலர் டைமண்ட் பிளேடுதான் சரி. அடுக்கு ஓடும் திசையைக் குறித்து வையுங்கள். அடுக்கின் வழியே திரவம் ஏறுவதுதான் வேகம்.

2. பக்கவாட்டு முகங்கள் நான்கிலும் அரால்டைட் பூசி ஒரு நாள் விடுங்கள். பிறகு 60 டிகிரியில், எடை மாறாமல் நிற்கும்வரை உலர்த்துங்கள். 105 டிகிரி வேண்டாம். காரை ஷேலில் ஜிப்சம் உண்டு, அதன் படிகநீரும் போய்விடும். சிலிகா ஜெல் போட்ட டப்பாவில் ஆறவிடுங்கள். நாகர்கோவில் காற்றில் திறந்து வைத்தால் ஈரத்தை அங்கேயே இழுத்துக்கொள்ளும்.

3. 1 மில்லிகிராம் காட்டும், அடியில் கொக்கி உள்ள தராசில் தொங்கவிட்டு, அடிமுகம் மட்டும் திரவத்தை (முதலில் தண்ணீர்) தொடும்படி இறக்குங்கள். எடை ஏறுவதை நேரத்தோடு குறித்துக்கொண்டே வாருங்கள். ஃபேனை நிறுத்துங்கள்.

எல்லாம் கெடுவது இங்கேதான். 5% துளையுள்ள கல் மொத்தமே 0.05 கிராம் தண்ணீர்தான் குடிக்கும். ஆனால் தொட்ட நொடியில் பரப்பு இழுவிசையால் 0.3 கிராம் வரை எடை எகிறும், 1 மி.மீ. மூழ்கினால் மிதப்பு விசையால் 0.1 கிராம் குறையும். கருங்கல் ஏறக்குறைய எதையும் உறிஞ்சாது. அதே பூச்சு, அதே ஆழத்தில் அது காட்டும் மாற்றத்தை ஷேலின் கணக்கிலிருந்து கழித்துவிடுங்கள். கயிறு போக ஓட்டை விட்டுக் கிண்ணத்தை மூடுங்கள். ஆவியாகி மட்டம் இறங்கினால் மிதப்பும் மாறும்.

4. தண்ணீருக்குப் பிறகு, புதுத் துண்டில் மண்ணெண்ணெய். எடையை அடர்த்தியால் (சுமார் 0.8) வகுத்துக் கன அளவாக ஒப்பிடுங்கள். களி ஷேல் தண்ணீரை விரும்பும், வீங்கி வெடிக்கும். கரிம ஷேலின் கரிமத் துளைகள் எண்ணெயைத்தான் இழுக்கும். நேரம், உறிஞ்சல் இரண்டையும் லாக் (மடக்கை) அளவில் வரையுங்கள்: சாய்வு 0.5 அருகில் என்றால் துளைகள் நன்றாக இணைந்தவை; 0.25 அருகில் என்றால் இணைப்பு மோசம். வெடித்த கல்லின் சாய்வை நம்பாதீர்கள்.

பின்சேர்க்கை: அரால்டைட்டுக்குப் பதில் மெழுகு பூசாதீர்கள், மண்ணெண்ணெயில் கரையும். காரை ஷேல் உதிர்ந்தால் 2% பொட்டாசியம் குளோரைடு கரைசலில் முயலுங்கள், வீக்கம் குறையும். வாழைக்குப் போடும் பொட்டாஷே போதும். சிவப்பு போக வடிகட்டிக்கொள்ளுங்கள்.