உறவினர் கைதானால் முதல் 24 மணி நேரம்: உரிமைகளும் வழக்கறிஞரை அமர்த்தும் முறையும்

குடும்பத்தில் ஒருவரைக் காவல் துறையினர் அழைத்துச் சென்றுவிட்டனர் என்று தெரிந்தவுடன் பெரும்பாலோர் செல்வாக்குள்ள ஒருவரைத் தேடி ஓடுகிறார்கள். வழக்கறிஞரின் நினைவு மறுநாள்தான் வருகிறது. இந்தியச் சட்டப்படி, கைதானவரை 24 மணி நேரத்துக்குள் நடுவர் (மாஜிஸ்திரேட்) முன் நிறுத்தியாக வேண்டும் என்பதால், அதற்குள் வழக்கறிஞரை அமர்த்துவது எப்படி என்பதை இங்கே வரிசையாகப் பார்ப்போம். கீழே வரும் பிரிவு எண்கள், 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள பாரதிய நாகரிக் சுரக்‌ஷா சன்ஹிதா என்ற புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தைச் சேர்ந்தவை. பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் எண்களையே பலரும் இன்னும் பழக்கத்தில் சொல்வதால், கேட்கும்போது எந்தச் சட்டத்தின் எண் என்று உறுதிசெய்துகொள்ளுங்கள்.

படி 1: கைதா, விசாரணையா?

"சும்மா விசாரிக்கத்தான்" என்ற பதிலோடு திரும்பிவிடாதீர்கள். 7 ஆண்டுகள் வரை தண்டனை விதிக்கத்தக்க குற்றங்களில், கைது ஏன் தேவை என்பதற்கான காரணங்களைக் காவல் அதிகாரி எழுத்தில் பதிவு செய்ய வேண்டும். தேவையில்லை எனில் 35(3) பிரிவின்படி ஆஜராகச் சொல்லி நோட்டீஸ் தர வேண்டும். கைதுதான் என்றால், அதன் காரணத்தைக் கைதானவருக்கும் (பிரிவு 47), கைதான செய்தியையும் வைக்கப்பட்டுள்ள இடத்தையும் அவர் குறிப்பிடும் உறவினர் அல்லது நண்பருக்கும் (பிரிவு 48) தெரிவிப்பது அதிகாரியின் கடமையாகும்.

அடுத்து, கைதுக் குறிப்பாணையைக் கேளுங்கள். அதில் கைதான நாளும் நேரமும் எழுதப்பட வேண்டும், குடும்பத்தினர் அல்லது அப்பகுதியின் மதிப்புமிக்க ஒருவர் சாட்சிக் கையொப்பமிட வேண்டும் என்று டி.கே. பாசு வழக்கில் 1996-இல் உச்ச நீதிமன்றம் வகுத்த நெறிகள், இன்று பெருமளவு 36-ஆம் பிரிவில் இடம்பெற்றுள்ளன. நேரத்தை நீங்களும் தனியே குறித்துவையுங்கள். மாலை 4 மணிக்கு அழைத்துச் சென்றுவிட்டு, மறுநாள் காலை 10 மணிக்குக் கைது என்று எழுதினால் 24 மணி நேரக் கணக்கே மாறிவிடும். அந்த இடைவெளியை நடுவர் முன் எடுத்துக்காட்ட உங்கள் குறிப்பும், அழைப்புப் பதிவுகளும் உதவும். ஆள் எங்கே இருக்கிறார் என்பதையே சொல்ல மறுத்தால், மாவட்டக் காவல் கட்டுப்பாட்டு அறையில் கேளுங்கள்; அங்கும் விடை கிடைக்காவிட்டால் உயர் நீதிமன்றத்தில் ஆட்கொணர்வு மனு (அவரை நீதிமன்றத்தின் முன் கொண்டுவரக் கோரும் மனு) தாக்கல் செய்யலாம்.

படி 2: காவலில் இருப்பவர் பேச வேண்டியதும் பேச வேண்டாததும்

உண்மையான பெயரையும் முகவரியையும் சொல்லிவிட வேண்டும். அதற்கு மேல் தன்னைக் குற்றத்தோடு பிணைக்கும் கேள்விகளுக்கு விடை சொல்ல யாரையும் கட்டாயப்படுத்த முடியாது என்பது அரசமைப்புச் சட்டத்தின் 20(3) உறுப்பு. காவல் அதிகாரியிடம் அளித்த ஒப்புதல் வாக்குமூலம் சாட்சியமாகாது என்பதைக் கேள்விப்பட்டு, "என்ன சொன்னாலும் செல்லாதுதானே" என்று சிலர் எண்ணுகிறார்கள். இது ஆபத்தான அரைகுறைப் புரிதல். அந்த வாக்குமூலத்தின் வழியே ஒரு பொருள் கைப்பற்றப்பட்டால், அக்கண்டுபிடிப்போடு தொடர்புடைய பகுதி சாட்சியமாக ஏற்கப்படும்.

விசாரணையின்போது தாம் விரும்பும் வழக்கறிஞரைச் சந்திக்க 38-ஆம் பிரிவு உரிமை தருகிறது. விசாரணை முழுவதும் அவர் அருகிலேயே அமர்ந்திருக்கலாம் என்பது இதன் பொருளன்று. வெற்றுத்தாளில் கையொப்பமிடக் கூடாது. விசாரணையில் எழுதப்படும் வாக்குமூலத்துக்குக் கையொப்பம் வாங்கக் கூடாது என்று சட்டமே (பிரிவு 181) சொல்கிறது. பெண்களைச் சூரியன் மறைந்த பின்னும் உதிக்கும் முன்னும், விதிவிலக்கான சூழ்நிலை தவிர, கைது செய்யக் கூடாது; அத்தகைய சூழ்நிலையிலும் பெண் அதிகாரி நடுவரின் முன் அனுமதியைப் பெற வேண்டும்.

படி 3: யாரை அமர்த்துவது?

என் கருத்தில், பெயர் பெற்ற வழக்கறிஞரைவிட, கைதானவரை நிறுத்தப்போகும் அந்த நடுவர் நீதிமன்றத்திலேயே நாள்தோறும் குற்ற வழக்குகளை நடத்துபவரே முதல் நாளுக்குப் பொருத்தமானவர். பெரிய வழக்கறிஞரைப் பிறகும் அமர்த்தலாம். சொத்து வழக்கிலோ குடும்ப வழக்கிலோ உங்களுக்கு உதவியவரிடம் பரிந்துரை கேளுங்கள், வழக்கையே ஒப்படைத்துவிடாதீர்கள். நீங்கள் அமர்த்தும் வழக்கறிஞரின் பதிவு எண்ணை, வழக்கறிஞர்களைப் பதிவு செய்யும் அமைப்பான மாநில பார் கவுன்சிலில் சரிபார்க்கலாம். வழக்கறிஞர்கள் விளம்பரம் செய்வதைப் பார் கவுன்சில் விதிகள் தடுக்கின்றன என்பதால், நீதிமன்ற வளாகத்தில் தாமாக வந்து அட்டை நீட்டுபவரிடம் கவனமாக இருங்கள்.

சந்திக்கும்போது முதல் தகவல் அறிக்கையின் நகல், கைதுக் குறிப்பாணை, மருத்துவச் சீட்டுகள் இருந்தால் அவை, நடந்தவற்றின் நேர வரிசை ஆகியவற்றைக் கொண்டு செல்லுங்கள். குற்றம் ஜாமீனில் விடத்தக்கதா, ரிமாண்டை (காவலில் வைக்க நடுவர் இடும் உத்தரவை) எந்த அடிப்படையில் எதிர்க்கலாம், ஜாமீன் மனு எந்த நீதிமன்றத்தில் எப்போது தாக்கலாகும், நீதிமன்றத்துக்கு அவரே வருவாரா அல்லது இளநிலை வழக்கறிஞரை அனுப்புவாரா என்று கேளுங்கள். "நாளைக்கே வெளியே எடுத்துவிடுகிறேன்" என்று உறுதி கொடுப்பவரைவிட, மனு தள்ளுபடியானால் அடுத்து என்ன செய்யலாம் என்று விளக்குபவரை நம்பலாம். பாதகமான உண்மையையும் அவரிடம் மறைக்காதீர்கள். தம்மை அமர்த்தியவர் சொன்னதை அவர் வெளியிட முடியாதபடி சட்டம் காக்கிறது.

படி 4: கட்டணமும் வக்காலத்தும்

கட்டணம் ரிமாண்டுக்கு மட்டுமா, ஜாமீன் வரையிலா, வழக்கு முடியும் வரையிலா என்பதை எழுத்தில் பெறுங்கள். வெற்றி பெற்றால் இவ்வளவு என்று தீர்ப்போடு கட்டணத்தை இணைப்பது பார் கவுன்சில் விதிகளுக்கு முரணானது. வக்காலத்தில் (வழக்கை நடத்த வழக்கறிஞருக்கு அதிகாரம் தரும் பத்திரத்தில்) கையொப்பமிட வேண்டியவர் கைதானவரே. சிறைக்கு அனுப்பப்பட்டிருந்தால் சிறை அதிகாரியின் சான்றொப்பத்தோடு பெறுவார்கள். பின்னர் வழக்கறிஞரை மாற்ற நேர்ந்தால், கட்டண பாக்கியைக் காட்டி வழக்குக் கட்டுகளை அவர் நிறுத்திவைக்க முடியாது என்று உச்ச நீதிமன்றம் 2000-இல் தீர்ப்பளித்துள்ளது.

பணம் இல்லையென்றால், காவலில் இருக்கும் எவரும், வருமானம் எவ்வளவாக இருந்தாலும், 1987-ஆம் ஆண்டின் சட்டப் பணிகள் ஆணைக்குழுச் சட்டப்படி இலவச வழக்கறிஞரைக் கோரலாம். 15100 என்ற உதவி எண்ணை அழையுங்கள், அல்லது நடுவரிடமே கேளுங்கள்.

படி 5: நடுவர் முன்

பலர் காவல் நிலையத்தில் எல்லாவற்றையும் பேசிவிட்டு, பேச வேண்டிய இந்த இடத்தில் மௌனமாக நிற்கிறார்கள். அடித்தார்களா, கைதின் காரணத்தைச் சொன்னார்களா, வழக்கறிஞர் இருக்கிறாரா என்பதற்கெல்லாம் அங்கே தயங்காமல் விடை சொல்ல வேண்டும். காயம் இருந்தால் காட்டி, மருத்துவப் பரிசோதனையையும் கோர வேண்டும். கைதின் காரணத்தைத் தெரிவிக்காத கைது சட்டவிரோதமானது என்று உச்ச நீதிமன்றம் 2025-இல் உறுதிப்படுத்தியிருப்பதால், இதைப் பதிவு செய்யச் சொல்வது வழக்கறிஞரின் முக்கிய வேலை. ஜாமீனில் விடத்தக்க குற்றமாயின் ஜாமீன் உரிமையாகவே கிடைக்கும் (பிரிவு 478), எனவே ஜாமீன்தாரர்கள் அடையாள ஆவணங்களோடு அப்போதே நீதிமன்றத்தில் இருக்கட்டும். ஜாமீன் மறுக்கப்பட்டுக் காவல் நீடித்தால், முதல் ரிமாண்டு தேதியை நாட்காட்டியில் குறித்துவையுங்கள்: குற்றத்தின் தன்மைக்கேற்ப 60 அல்லது 90 நாட்களுக்குள் குற்றப்பத்திரிகை தாக்கலாகாவிட்டால், 187-ஆம் பிரிவின்படி ஜாமீன் கோரும் உரிமை பிறக்கிறது, குற்றப்பத்திரிகை வந்து சேரும் முன்பே அந்த மனுவைத் தாக்கல் செய்துவிட வேண்டும்.