நீல டிக் வந்துவிட்டது, டாக்டர் பார்த்தாரா?

நான் நர்ஸ். ஒரு நைட் டூட்டியில் லேபிலிருந்து ஒரு நோயாளியின் ரத்தத்தில் பொட்டாசியம் 6.8 என்று வந்தது. 3.5 முதல் 5 வரை இருக்க வேண்டியது. 6.8 என்றால் இதயத் துடிப்பே தாறுமாறாகலாம். நோயாளியின் பெயர், கட்டில் எண், ரிசல்ட் எல்லாவற்றையும் டூட்டி டாக்டருக்கு வாட்ஸப்பில் தட்டிவிட்டேன். ஒரு நிமிடம்கூட ஆகவில்லை, இரண்டு டிக்கும் நீலமாகிவிட்டன. சரி, பார்த்துவிட்டார், வந்துவிடுவார் என்று அடுத்த கட்டிலுக்கு மருந்து ஏற்றப் போய்விட்டேன்.

இருபது நிமிடமாகியும் ஆளைக் காணோம். போன் செய்தால், அவர் எமர்ஜென்சியில் தையல் போட்டுக்கொண்டிருக்கிறார். செய்தியைப் பார்க்கவே இல்லை. டூட்டி ரூம் கம்ப்யூட்டரில் அவருடைய வாட்ஸப் திறந்தபடி கிடந்திருக்கிறது. திரையில் இருந்ததும் என்னுடைய சாட்தான். நீல டிக் போட்டது அந்தக் கம்ப்யூட்டர்! டாக்டர் கண்ணில் படாத அந்தச் செய்தி, அந்த அறைக்கு டீ குடிக்க வந்தவர் கண்ணில் எல்லாம் பட்டிருக்கும். நல்லவேளை, நோயாளிக்கு ஒன்றும் ஆகவில்லை. அன்றிலிருந்து நான் செய்தி அனுப்பும் விதமே மாறிவிட்டது. அதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

டிக்கை எவ்வளவு நம்பலாம்

ஒரு சாம்பல் டிக் என்றால் செய்தி உங்களிடமிருந்து கிளம்பிவிட்டது. இரண்டு என்றால் அந்தப் பக்கத்துப் போனையோ, அதோடு இணைத்த கம்ப்யூட்டரையோ தொட்டுவிட்டது. 2014 நவம்பரில் வாட்ஸப் கொண்டுவந்த நீல நிறம் சொல்வது, அந்த சாட் திறக்கப்பட்டது என்பதை மட்டும்தான். திறந்தது டாக்டரா, போனில் கேம் ஆடிக்கொண்டிருந்த அவர் பிள்ளையா என்பது அதற்குத் தெரியாது. தலைகீழாகவும் நடக்கும். சில டாக்டர்கள் மேலே வரும் நோட்டிபிகேஷனிலேயே படித்துவிட்டு ஓடிவருவார்கள். டிக் சாம்பலாகவே நிற்கும். ரீட் ரிசீப்ட்டை, அதாவது படித்ததைக் காட்டும் வசதியை, அணைத்து வைத்திருப்பவர்களிடமும் இதே கதை.

அதனால் நான் டிக்கை வைத்து முடிவெடுப்பது ஒரே ஒரு விஷயத்தில்தான். இரண்டு நிமிடம் கழித்தும் ஒற்றை டிக்கே நின்றால், பெரும்பாலும் போன் அணைந்திருக்கிறது அல்லது நெட் இல்லை. அதற்கு மேல் காத்திருக்காமல் லேண்ட்லைனைக் கையில் எடுப்பேன்.

செய்தியில் நோயாளி வேண்டாம்

இப்போது அதே ரிசல்ட் வந்தால் நான் அனுப்புவது இவ்வளவுதான்: "வார்டு 3, லேப் கிரிட்டிகல். சிஸ்டத்தில் பார்த்துவிட்டுக் கூப்பிடுங்கள் டாக்டர். 5 நிமிடத்தில் நானே கூப்பிடுவேன்."

பெயர் இல்லை, நோய் இல்லை, எண் இல்லை. யார் படித்தாலும் ஒரு வார்டில் ஏதோ அவசரம் என்பதைத் தாண்டி எதுவும் தெரியாது. கட்டில் எண்ணையாவது போடலாமே என்று ஜூனியர்கள் கேட்பார்கள். அதுவும் வேண்டாம். சாயங்காலம் 14-இல் இருந்தவர் ராத்திரி ஐ.சி.யூ. போயிருப்பார், 14-இல் வேறொருவர் படுத்திருப்பார். கட்டில் எண் ஆளுக்கு அடையாளமே இல்லை.

விவரமெல்லாம் போன் பேச்சில். முழுப் பெயர், ரெக்கார்ட் நம்பர், ரிசல்ட் சொல்லி, டாக்டரைத் திருப்பிச் சொல்லச் சொல்வேன். "ஆறு புள்ளி எட்டு" என்று அவர் வாயால் வரவேண்டும். இரைச்சலில் அது ஐந்து புள்ளி எட்டாகக் கேட்ட அனுபவமும் உண்டு. ஆரம்பத்தில் சில டாக்டர்கள் முகம் சுளித்தார்கள், அப்புறம் பழகிவிட்டது. வராந்தாவில் உறவினர்கள் நடுவே நின்றுகொண்டு மட்டும் இந்தப் பேச்சைப் பேசாதீர்கள். செய்தியில் மறைத்ததை வாயால் ஊருக்குச் சொன்ன மாதிரி ஆகிவிடும்.

பேசி முடித்ததும் கேஸ் ஷீட்டில் நேரம், யாரிடம் சொன்னேன், திருப்பிச் சொன்னாரா, என்ன ஆர்டர் கொடுத்தார் என்று எழுதிவிடுவேன். சிலர் இதற்குப் பதிலாக, நாளைக்குப் பிரச்சினை வந்தால் காட்டலாம் என்று நீல டிக்கை ஸ்கிரீன்ஷாட் எடுத்து வைக்கிறார்கள். அது நோயாளியின் விவரத்தோடு உங்கள் கேலரியில், கல்யாண போட்டோக்களுக்கு நடுவில் போய் உட்காரும். போன் தானாக பேக்கப் எடுத்தால் கிளவுடுக்கும் போகும். ஒருவர் படித்தார் என்பதற்கே அது சாட்சி ஆகாதபோது, இந்த வம்பு எதற்கு?

குரூப்பும் செட்டிங்ஸும்

வார்டு குரூப்பில் எல்லோரும் படித்தால்தான் டிக் நீலமாகும். இருபது பேர் குரூப்பில் ஒருவர் லீவில் இருந்தாலும் சாம்பல்தான். செய்தியை அழுத்திப் பிடித்து 'இன்போ' பார்த்தால் யார் யார் படித்தார்கள் என்று வரும். அதில் பதினைந்து பெயர் இருந்தால், யாரும் எதுவும் செய்யவில்லை என்று அர்த்தமாகவும் இருக்கலாம். அவர் பார்த்துக்கொள்வார் என்று இவர், இவர் பார்த்துக்கொள்வார் என்று அவர். அவசரத்துக்கு ஒரே ஆள், தனிச் செய்தி. அந்த 'இன்போ' பட்டியலை மாதம் ஒருமுறை வேறொரு காரியத்துக்காகப் பாருங்கள்: வேலையை விட்டுப் போனவர்கள் இன்னும் குரூப்பில் இருக்கிறார்களா என்று.

செட்டிங்ஸில் பிரைவசிக்குள் ரீட் ரிசீப்ட் இருக்கும். அணைத்தால் மற்றவர்களின் நீல டிக்கும் உங்களுக்குத் தெரியாது. அணைத்தாலும் குரூப்பில் தெரியும், வாய்ஸ் மெசேஜ் கேட்டதும் தெரியும். லாக் ஸ்கிரீனில் செய்தி தெரிவதை நிறுத்துங்கள். படங்கள் கேலரிக்குள் தானாகச் சேர்வதை நிறுத்துங்கள். உங்கள் வாட்ஸப் வேறு எந்தக் கருவிகளில் திறந்திருக்கிறது என்று காட்டும் லிங்க்டு டிவைசஸ் பட்டியலைத் திறந்து, தெரியாத கம்ப்யூட்டர் இருந்தால் வெளியேற்றுங்கள். மருத்துவமனையே தனிச் செயலி கொடுத்திருந்தால் அதைத்தான் பயன்படுத்த வேண்டும், அலுப்பாக இருந்தாலும்.

ஈமெயிலில் ரீட் ரிசீப்ட் கேட்பவர்கள் கவனிக்க வேண்டியது சப்ஜெக்ட் வரி. அவுட்லுக் மாதிரியான மென்பொருள்கள் ரசீதைத் திருப்பி அனுப்பும்போது நீங்கள் எழுதிய தலைப்பையே தூக்கிக்கொண்டு வரும். "பயாப்சி ரிசல்ட்" என்று பெயரோடு தலைப்பு போட்டிருந்தால், அது இன்னொரு மெயிலிலும் ஏறிவிட்டது. ரசீது வராவிட்டாலும் படிக்கவில்லை என்று அர்த்தமில்லை, அனுப்ப விருப்பமில்லை என்று அவர்கள் சொல்லலாம்.

நோயாளிக்கு அனுப்பும்போது

அட்மிஷன் நேரத்திலேயே கேளுங்கள்: இந்த நம்பரை வேறு யாராவது பார்ப்பார்களா, செய்தி அனுப்பலாமா, போன் செய்தால் போதுமா? வீட்டில் எல்லோருக்கும் ஒரே போன் என்பது சகஜம். "ரிப்போர்ட் வந்திருக்கிறது, கூப்பிடுங்கள்" என்று மட்டும் அனுப்பினாலும், கிளினிக் கணக்கின் பெயரில் மனநலம், கருத்தரிப்பு என்று இருந்தால் எல்லாமே வெளியே வந்துவிடும். பொதுவான பெயர் வையுங்கள். நீல டிக் தெரிகிறதே, ஏன் பதில் இல்லை என்று மட்டும் கேட்கவே கேட்காதீர்கள். படித்தது அவராக இல்லாமல் இருக்கலாம்.

எதிர்த்திசையில்தான் எனக்கு அதிக பயம். நடுராத்திரியில் ஒருவர் நெஞ்சு வலிக்கிறது என்று கிளினிக் நம்பருக்கு எழுதுகிறார், யாரோ தற்செயலாக சாட்டைத் திறக்கிறார்கள், டிக் நீலமாகிறது. டாக்டர் பார்த்துவிட்டார், அவர் சொல்லட்டும் என்று அந்த மனிதர் காத்திருப்பார். அதனால் கிளினிக் நம்பரில் ரீட் ரிசீப்ட்டை அணைத்துவிடுங்கள். இரவில் இந்தச் செய்திகளை யாரும் பார்ப்பதில்லை, அவசரம் என்றால் இந்த எண்ணுக்குப் போன் செய்யுங்கள் என்று தானாகப் போகும் பதிலையும் போட்டு வையுங்கள். ரிசீப்ட் அணைக்காத நம்பராக இருந்தால், அவசரத்தில் திறந்துவிட்டு "அன்ரீட்" என்று குறித்து வைப்பதில் பயனில்லை. உங்கள் பக்கம்தான் அது படிக்காதது, அவர்கள் பக்கம் நீலம் நீலமாகவே இருக்கும். திறந்துவிட்டீர்களா, அப்போதே ஒரு வரி போடுங்கள்: "நான் நர்ஸ். படித்தேன். டாக்டர் இன்னும் பார்க்கவில்லை, பத்து மணிக்குக் காட்டிவிட்டுக் கூப்பிடுகிறேன்."