சோலைக்கிளியை அடையாளம் காண்பது எப்படி?

பெயரைப் பார்த்துப் பச்சைக்கிளியைத் தேடாதீர்கள். மலையாளத்தில் எந்தச் சின்னப் பறவையும் கிளிதான். இது 15 செ.மீ. அளவுள்ள, நீலநிற, ஈப்பிடிப்பான் குடும்பத்துப் பறவை. மேற்குத் தொடர்ச்சி மலையின் உயரமான சோலைக்காடுகளை விட்டால் உலகில் வேறெங்கும் கிடையாது.

படி 1: நிற்கும் இடத்தைப் பாருங்கள். பாலக்காட்டுக் கணவாய்க்கு வடக்கே, அதாவது ஊட்டி, குன்னூர் பக்கம் என்றால் நீலகிரி சோலைக்கிளி. தெற்கே, கொடைக்கானல், மூணாறு பக்கம் என்றால் வெண்வயிற்றுச் சோலைக்கிளி. பாதி வேலை இங்கேயே முடிந்துவிடும்.

படி 2: விடியற்காலையில் சோலைக்குள் போகும் ஒற்றையடிப் பாதையோரம் அசையாமல் நில்லுங்கள். மேலே பார்க்க வேண்டாம், தரையைப் பாருங்கள். ஈரச் சருகு மெல்லப் புரளும். நீண்ட கால்களில் இரண்டு தத்து தத்தி, நின்று, இருட்டுக்குள் மறையும். அந்த இரண்டு நொடிதான் உங்களுக்குக் கிடைக்கும்.

படி 3: அந்த நொடியில் விலாவைப் பாருங்கள். செம்பழுப்பு என்றால் நீலகிரி. சாம்பல் நீலம், நடுவயிறு வெள்ளை என்றால் வெண்வயிறு. ஆணும் பெண்ணும் ஏறத்தாழ ஒரே மாதிரி.

படி 4: அப்புறம் தொண்டை. குளிர்காலத்தில் இமயமலையிலிருந்து வரும் இந்திய நீல ராபினும் இதே தரையில்தான் மேயும். அதன் ஆணுக்குத் தொண்டையும் மார்பும் ஆரஞ்சு. சோலைக்கிளிக்கு அங்கே நீலம். புதியவர்கள் அதிகம் தடுமாறுவது இதில்தான்.

சரி, பழைய புத்தகங்களில் ஏன் வேறு பெயர்? முன்பு இவற்றை இமயமலைக் குறுஞ்சிறகன்களோடு சேர்த்திருந்தார்கள். மரபணு, பாட்டு, உடலளவு மூன்றையும் ஒப்பிட்ட ஆய்வாளர்கள், 2017இல் இவற்றுக்கென்றே 'சோலிகோலா' என்ற பேரினத்தை உருவாக்கினார்கள். செங்கோட்டைக் கணவாய்க்குத் தெற்கே, அகத்தியமலைப் பக்கம் இருப்பதைத் தனி இனமாக அப்போதே பிரித்தார்கள். அதை எல்லாரும் ஏற்கவில்லை.

தேயிலையும் சீகை மரமும் தைல மரமும் சோலைகளைத் துண்டு துண்டாக்கிவிட்டன. நீலகிரி இனம் இன்று அருகிவரும் பட்டியலில் இருக்கிறது. அதனால் கைபேசியில் பாட்டை ஒலிக்கவிட்டு இதை வெளியே இழுக்காதீர்கள். எதிரி வந்துவிட்டதென்று கூட்டை விட்டு ஓடிவரும். பார்த்த இடம், உயரம், நேரம், விலாவின் நிறம் நான்கையும் அங்கேயே நோட்டில் எழுதிக்கொண்டு நகர்ந்துவிடுங்கள்.