வீல் பேரிங்: கிரீஸ் வைத்த பிறகு காரியத்தைக் கெடுப்பது நட்டுதான்

மினி லாரி, டிரெய்லர், டிராக்டர் முன்சக்கரம் இவற்றில் பெரும்பாலும் டேப்பர் ரோலர் பேரிங்தான், அதாவது கூம்பு வடிவ உருளைகள் உள்ள பேரிங். ஹப்பின் (சக்கரத்தின் நடுக்குடம்) உள்ளே ஒன்று, வெளியே ஒன்று என்று எதிரெதிராக உட்கார்ந்திருக்கும். இரண்டிலும் எவ்வளவு ஆட்டம் விடுவது என்பதை முடிவு செய்வது வெளியே இருக்கும் ஒற்றை நட்டு. அதை வீல் நட்டு மாதிரி நினைத்து இறுக்குவதுதான் முதல் தவறு, பெரிய தவறும் அதுதான்.

ஒருமுறை ஒரு பட்டறையில் ஸ்பானரில் பைப் மாட்டி இறுக்கிவிட்டு, "பாருங்க சார், ஆட்டமே இல்ல" என்று சக்கரத்தை உலுக்கிக் காட்டினார்கள். ஆட்டம் இல்லைதான். நாற்பது கிலோமீட்டரில் ஹப் கை வைக்க முடியாமல் கொதித்தது. இறுக்கம் கூடினால் உருளைகள் மேல் பாரம் ஏறும், சூடேறிய கிரீஸ் இளகி ஒழுகும். அப்படியே ஓட்டினால் பேரிங் இறுகிச் சக்கரமே பூட்டிக்கொள்ளும்.

சரி, எப்படி இறுக்குவது? சக்கரத்தைக் கையால் சுற்றிக்கொண்டே இறுக்க வேண்டும். பலர் இதை விட்டுவிடுகிறார்கள். சுற்றாமல் இறுக்கினால் உருளைகள் கோணலாக நிற்கும், நட்டு இறுகியதுபோலத் தெரியும், பத்து கிலோமீட்டர் ஓடியதும் லூஸாகிவிடும். சுற்றும்போது லேசாகக் கனமானதும் நிறுத்தி, நட்டை முழுக்கத் தளர்த்தி, மறுபடி விரலால் மட்டும் இறுக்குங்கள். நட்டு கழலாமல் பூட்டும் ஸ்ப்ளிட் பின்னுக்கான துளை நேராக வரவில்லையா? அடுத்த துளைக்காக இறுக்காதீர்கள், பின்னோக்கித் திருப்புங்கள். பொதுவாக இருக்க வேண்டிய ஆட்டம் 0.025 முதல் 0.125 மி.மீ. வரை. சாதாரண ஏ4 தாளின் கனமே சுமார் 0.1 மி.மீ.தான். டயல் கேஜ் (முள் காட்டும் நுண் அளவுக் கருவி) இருந்தால் அளந்துவிடலாம். உங்கள் வண்டியின் மேனுவல் வேறு அளவு சொன்னால் அதுவே சரி.

பழைய ஸ்ப்ளிட் பின்னை நிமிர்த்தி மறுபடி போடாதீர்கள். புது கோனை (உருளைகள் உள்ள உள்வளையம்) பழைய கப்பில் (ஹப்புக்குள் இருக்கும் வெளிவளையம்) உட்கார வைப்பதும் வேண்டாம், இரண்டையும் ஜோடியாகத்தான் மாற்ற வேண்டும். கப்பைச் சுத்தியலால் நேரடியாக அடித்து இறக்குவதும் வேண்டாம். கப் அடிவரை உட்காராமல் விட்டால் நீங்கள் வைத்த அளவு ஓட்டத்தில் மாறிவிடும்.

ஆட்டம் பார்க்கும்போது இன்னொரு ஏமாற்று உண்டு. சக்கரத்தை மேலும் கீழும் பிடித்து ஆட்டுகிறீர்கள், ஆடுகிறது. உடனே நட்டைத் தொடாமல், ஒருவரை பிரேக்கை மிதிக்கச் சொல்லுங்கள். அப்போதும் ஆடினால் தேய்ந்தது பேரிங் அல்ல, பெரும்பாலும் கிங் பின், அதாவது முன்சக்கரம் இடம் வலம் திரும்பும் முளை. அதற்காகப் பேரிங்கை இறுக்கினால் நல்லதும் கெட்டுப்போகும்.

பெரும்பாலான புதுக் கார்களில் இந்த வேலையே கிடையாது. அதில் இருப்பது சீல் செய்த பேரிங். ஆக்சில் நட்டை டார்க் ரெஞ்சால் (இறுக்கத்தை அளந்து காட்டும் ஸ்பானர்) கம்பெனி சொன்ன அளவுக்கு முழுசாக இறுக்க வேண்டும். அங்கே விரலால் இறுக்கி விட்டால் பேரிங் சீக்கிரமே போய்விடும்.

வேலை முடிந்ததும் பத்து கிலோமீட்டர், அதிகம் பிரேக் போடாமல் ஓட்டி நிறுத்துங்கள். நான்கு ஹப்பையும் தொட்டுப் பாருங்கள். வெதுவெதுப்பு பரவாயில்லை. ஒன்று மட்டும் சுட்டால் ஜாக்கை மறுபடி எடுங்கள்.