பிலிம் கருப்பா வரலைன்னா உடனே லேசரத் திட்டாதீங்க

ரங்கூன்ல இன்னும் பிலிம் ஓட்டுற பிரஸ் இருக்கத்தான் செய்யுது. பெரிய எடத்துல எல்லாம் கம்ப்யூட்டர்ல இருந்து நேரா பிளேட்டே அடிச்சிடுறாங்க, ஆனா கோயில் நோட்டீஸ், கல்யாணப் பத்திரிகை, கேலண்டர், பனியன் ஸ்கிரீன் பிரிண்டிங்னு ஓட்டுற நம்ம மாதிரி சின்ன ஆளுங்களுக்கு பழைய லேசர் ஸ்கேனரும் இமேஜ்செட்டரும்தான் கட்டுப்படியாகுது. இமேஜ்செட்டர்னா கம்ப்யூட்டர்ல இருக்குற பக்கத்த லேசரால பிலிம்ல எழுதுற மிஷின், அந்த பிலிம வச்சுத்தான் அச்சு பிளேட் எடுப்போம். மிஷின் இருக்கு, சொல்லித்தர ஆள்தான் இல்ல, பழைய ஆபரேட்டருங்க பாதிப்பேர் வேற தொழிலுக்குப் போயிட்டாங்க. அதான் எனக்குத் தெரிஞ்சத எழுதி வைக்கிறேன்.

முதல் விஷயம், பிலிம் சரியில்லைன்னா எல்லாரும் ஸ்கேனர் மூடியத் தொறந்து லேசர நோண்டுறாங்க. வேணாம். முக்காவாசி கோளாறு லேசர்ல இல்ல, பிலிம் பெட்டிய வச்ச விதத்துலயும் டெவலப்பர் (பிலிம்ல எழுத்த கருப்பா வெளிய கொண்டுவர்ற கெமிக்கல்) தொட்டிலயும்தான் இருக்கும். லேசர் பவர ஏத்தி கெமிக்கல் கோளாற மறைச்சீங்கன்னா, நாளைக்கு புது கெமிக்கல் ஊத்தின உடனே எல்லாமே தலைகீழாப் போயிடும்.

உங்க மிஷின்ல என்ன லேசர்னு மொதல்ல தெரிஞ்சுக்கோங்க. ஆர்கான் லேசர்னா நீல வெளிச்சம், 488 நானோமீட்டர். ஹீலியம் நியான்னா சிவப்பு, 633. அப்புறம் வந்த மிஷின்ல எல்லாம் சிவப்பு டயோடு, 650ல இருந்து 680க்குள்ள, சிலதுல கண்ணுக்கே தெரியாத இன்ஃப்ராரெட் டயோடு, 780. பிலிம் அந்தந்த லேசரோட வெளிச்சத்துக்கு ஏத்ததா இருக்கணும், ஒத்துவராதத போட்டா சரியா வராது. அதே மாதிரி டார்க்ரூம் லைட்டும் மாறும். ஆர்கான் பிலிமுக்கு சிவப்பு லைட், ஆனா சிவப்பு லேசர் பிலிமுக்கு சிவப்பு லைட்டப் போட்டா மொத்தமும் போச்சு, அதுக்கு கரும்பச்சை லைட்டுதான். நான் வேலை கத்துக்கிட்ட பிரஸ்ல பழைய கேமரா காலத்து சிவப்பு பல்பு மாட்டியிருந்துச்சு, யாரும் கழட்டல, நானும் கேக்கல, புது ஹீலியம் நியான் பிலிம் ரோலு ஒண்ணு முழுசா சாம்பல் கலர்ல வந்துச்சு. ரெண்டு நாள் மெக்கானிக் வந்து லேசரப் பார்த்துட்டுப் போனாரு, அப்புறம்தான் பல்பு மேல கண்ணு போச்சு.

லைட்டு சேஃப்தானான்னு பாக்க ஒரு நாணயம் போதும். பிலிம் துண்டு ஒண்ண மேசையில வச்சு அது மேல ஒரு நாணயத்த வைங்க, 4 நிமிஷம் விடுங்க, டெவலப் பண்ணுங்க. நாணயத்தோட வட்டம் தெரிஞ்சா உங்க லைட்டு சேஃப் இல்ல, பல்பத் தள்ளி வைங்க இல்லேன்னா ஃபில்டர மாத்துங்க.

பெட்டி வைக்கிற எடம். 21 டிகிரிக்கு மேல போகாம, ஈரப்பதம் 40ல இருந்து 60 சதவீதத்துக்குள்ள இருக்கணும்னு கணக்கு, நம்ம ஊர் மழைக்காலத்துல இது சிரிப்பு வர்ற கணக்குதான். ஆனாலும் ஏசி ரூம்ல தரையில இருந்து தூக்கி, சுவத்துல ஒட்டாம வைங்க, கெமிக்கல் கேனுக்குப் பக்கத்துல மட்டும் வேணவே வேணாம். குளிர்ல இருந்து எடுத்த பெட்டிய உடனே பிரிக்காதீங்க, உள்ள பனி மாதிரி தண்ணி கோத்துக்கும், ரோல்னா ராத்திரி பூரா மூடினபடியே வெளிய வச்சு காலையில பிரிங்க. பிலிம் அடிப்பாகம் பாலியஸ்டர், 0.1 மில்லிமீட்டர் கனம், ஈரத்துல கொஞ்சம் நீளும், அதனால நாலு கலர் வேலைன்னா நாலையும் ஒரே ரோல்ல ஒரே மூச்சுல எடுங்க. ரெண்டு கலர இன்னைக்கும் ரெண்டு கலர நாளைக்கும் எடுத்துட்டு ரெஜிஸ்டர் (ஒரு கலர் மேல இன்னொரு கலர் சரியா உக்கார்றது) சேரலன்னு மிஷின்மேன்கிட்ட சண்டைக்குப் போகாதீங்க. நவம்பருக்கு அப்புறம் காத்து காஞ்சு போகும்போது வேற தொல்லை, ரோல வெடுக்குனு இழுத்தா ஸ்டேடிக் அடிச்சு பிலிம்ல குட்டி மின்னல் மாதிரி கருப்புக் கிளை விழும், மெதுவா இழுங்க.

ஓரத்தத்தான் புடிக்கணும், நடுவுல விரல் படவே கூடாது. ஒரு கையால தூக்கி மடங்க விட்டா பிறை நிலா மாதிரி தழும்பு வரும், அத எந்த கெமிக்கலும் அழிக்காது. மங்கலா இருக்குற பக்கம்தான் எமல்ஷன், அதாவது வெளிச்சத்துல மாறுற மருந்துப் பூச்சு, பளபளன்னு இருக்கிறது முதுகு, சந்தேகம்னா டெவலப் பண்ணின பிலிம் மூலையில ஊசியால கீறுங்க, கருப்பு உரியுற பக்கம் எமல்ஷன்.

இப்போ புராசஸர், அதாவது பிலிம டெவலப் பண்ணி கழுவிக் குடுக்குற மிஷின். ராப்பிட் ஆக்சஸ்ங்கிற வேகமா வேலை செய்யுற கெமிக்கல்னா பொதுவா டெவலப்பர் 35 டிகிரி, 30 செகண்ட், கேன் மேல வேற எழுதியிருந்தா அதத்தான் கேக்கணும். டிஸ்ப்ளேல காட்டுற டிகிரிய நம்பாதீங்க, தொட்டிக்குள்ள தனி தெர்மாமீட்டர விட்டுப் பாருங்க, ஆனா பாதரசம் இருக்கிறத விடாதீங்க, உடைஞ்சா தொட்டியே காலி. தொட்டிய நிரப்பும்போது ஃபிக்ஸர (டெவலப் ஆனத நிலைக்க வைக்கிற கெமிக்கல்) மொதல்ல ஊத்திட்டு அப்புறமாத்தான் டெவலப்பர், ஏன்னா ஃபிக்ஸர் தெறிச்சு டெவலப்பர் தொட்டில விழுந்தாலும் அது இன்னும் காலியா இருக்கும், கழுவிடலாம். டெவலப்பர் ஊத்தின பிறகு கொஞ்சூண்டு ஃபிக்ஸர் விழுந்தாலும் அந்த டெவலப்பர் அவ்ளோதான். கிளவுஸ் போடுங்க, ஜன்னல் இல்லேன்னா எக்சாஸ்ட் ஃபேன் ஓடட்டும், மிச்சம் மீதிய ஒரே வாளியில கலக்காதீங்க, அமோனியா கிளம்பி கண்ணு எரியும். பழைய ஃபிக்ஸர்ல வெள்ளி இருக்கு, சாக்கடையில ஊத்தாம தனி கேன்ல சேத்து வச்சு வெள்ளி எடுக்கிறவங்ககிட்ட குடுங்க. கழுவுற தண்ணி போர் தண்ணின்னா ஃபில்டர் கண்டிப்பா வேணும், துரு பிலிம்ல ஒட்டிக்கும்.

தினமும் காலையில மிஷின் சூடானதும் ரெண்டு மூணு வேஸ்ட் பிலிம ஓட விடுங்க, ராத்திரி ரோலர்ல காஞ்ச அழுக்கெல்லாம் அதுல போயிடும். அப்புறம் ஒரு கண்ட்ரோல் ஸ்ட்ரிப் (சோதனைக்கு எடுக்குற பிலிம் துண்டு) எடுத்து டென்சிட்டோமீட்டர்ல, அதாவது கருப்ப அளக்குற கருவில பாருங்க. முழுக் கருப்பு 4.0 பக்கத்துல இருக்கணும், 4ன்னா வெளிச்சத்துல பத்தாயிரத்துல ஒரு பங்குதான் தாண்டுதுன்னு அர்த்தம், 3ன்னா ஆயிரத்துல ஒரு பங்கு, அதாவது பத்து மடங்கு ஒழுகல், பிளேட்ல அது தெரியும். படத்துல பாதி இடத்த மூடுற 50 சதவீத புள்ளி 48ல இருந்து 52க்குள்ள வரணும். கருப்பு சரியா வந்த பிறகுதான் புள்ளிக் கணக்க சாஃப்ட்வேர்ல திருத்தணும், இந்த வரிசைய மாத்தாதீங்க. ஒரு நோட்டுல தேதி, டிகிரி, கருப்பு, 50 சதவீதம் நாலையும் எழுதுங்க, ஒரு வாரம் எழுதினா போதும், எந்தப் பக்கம் சரியுதுன்னு நோட்டே காட்டிடும்.

கருப்பு குறைஞ்சா மொதல்ல சூடு, அப்புறம் டெவலப்பரோட கலர். புதுசு வெளிர் மஞ்சளா இருக்கும், பால் விடாத டீ கலருக்கு வந்துட்டா காத்துப் பட்டே செத்துடுச்சு, வேலை கம்மியா ஓடுற பிரஸ்ல இதுதான் அதிகம் நடக்கும், அதனால பிலிம் ஓடலைன்னாலும் மணிக்கணக்குக்கு கொஞ்சம் ரீப்ளெனிஷர் (தொட்டில சேக்குற புது கெமிக்கல்) போகணும். பிலிம் பால் மாதிரி கலங்கலா வந்தா ஃபிக்ஸர் தீந்துடுச்சு. புது ஃபிக்ஸர்ல ஒரு துண்டு எத்தனை செகண்ட்ல தெளியுதுன்னு குறிச்சு வைங்க, அது ரெண்டு மடங்கு ஆச்சுன்னா மாத்திடுங்க. ஒரே இடைவெளியில திரும்பத் திரும்ப கறை விழுந்தா அந்த இடைவெளிய அளந்து 3.14ஆல வகுங்க, வர்ற எண் எந்த ரோலரோட குறுக்களவோ அதுதான் குத்தவாளி. 78 மில்லிமீட்டர்னா 25 மில்லிமீட்டர் ரோலர்.

நம்ம ஆளுங்க கவனிக்க வேண்டியது இன்னொண்ணு. நெகட்டிவ் பிலிம்ல (எழுத்து தெளிவா, சுத்தி எல்லாம் கருப்பா இருக்கும்) தூசியால கருப்புல ஒரு ஊசி ஓட்டை விழுந்தா அது பேப்பர்ல புள்ளியா அச்சாகும். தமிழ்ல அது ‘க’வ ‘க்’ ஆக்கிடும், பர்மிய எழுத்துல அடியில ஒரு புள்ளி விழுந்தா சொல்லோட ராகமே மாறி அர்த்தம் மாறிடும், புரூஃப் பார்த்தவருக்குத் தெரியவே தெரியாது, ஏன்னா அவர் பார்த்த பேப்பர்ல அது இல்ல. லைட் டேபிள்ல லென்ஸ வச்சுப் பார்த்து, வெளிச்சத்த அடைக்கிற ஒப்பேக் மைய முதுகுப் பக்கம் தொட்டு அடைங்க, எமல்ஷன் பக்கம் வேணாம், பிளேட்டோட ஒட்டாது. ஆஃப்செட் பிளேட்டுக்கு எழுத்து நேரா படிக்கும்போது எமல்ஷன் கீழ இருக்கணும், ஸ்கிரீன் பிரிண்டிங்குக்கு மேல இருக்கணும், வேலை வாங்கும்போதே கேட்டு எழுதிக்கோங்க.

கரண்டு. பிலிம் உள்ள போயிட்டிருக்கும்போது மீ (பர்மிய மொழியில கரண்டு) போச்சுன்னா மூடியத் தொறந்து சேஃப் லைட்டுல டெவலப்பர் ரேக்க (ரோலர் மாட்டின சட்டம்) தூக்கிடுங்க, அந்த பிலிம் போனது போனதுதான், ரோலர்ல சுத்தி மாட்டாம பாத்துக்கிட்டா போதும். செல்போன் டார்ச்ச அடிக்காதீங்க, உங்க பிலிமுக்கு ஏத்த கலர்ல பேட்டரியில எரியுற சேஃப் லைட்டு ஒண்ண தனியா வைங்க. இமேஜ்செட்டருக்கு யூபிஎஸ் போடுங்க, புராசஸர் ஹீட்டர அதுல மாட்டாதீங்க, தாங்காது. மீ லா ப்பீ, கரண்டு வந்துடுச்சுன்னு தெருவே கத்தும்போது உடனே பிலிம விடாதீங்க, தொட்டி 35க்கு வந்து கால் மணி நேரம் நிக்கட்டும், ஸ்ட்ரிப் ஒண்ணு எடுத்துப் பாத்துட்டு ஆரம்பிங்க.

திஞ்ஜான் (பர்மியப் புத்தாண்டு தண்ணித் திருவிழா) லீவு வந்தா நாள் கணக்குல மிஷின் சும்மா நிக்கும், அப்போ டெவலப்பர தொட்டில விட்டுட்டுப் போகாதீங்க. வடிச்சு எடுத்து தொட்டிய வெந்நீர்ல கழுவி, ரேக்க எல்லாம் வெளிய எடுத்து ஸ்பாஞ்சால தேய்ச்சு, ரோலர் ஒண்ணோட ஒண்ணு அழுத்தாதபடி லூஸ் பண்ணி காய வச்சுட்டு, புராசஸர் மூடிய ரெண்டு விரல் அளவு தொறந்தபடியே விட்டுட்டுப் போய் தண்ணி விளையாடுங்க.